கணக்கில் ஏறாத உழைப்பு

சரித்திரம் என்றால் அரசர்களும் யுத்தங்களுமே என்று நாம் பள்ளிக்கூடத்தில் கற்றோம். நூல் நூற்றவளும் பால் கறந்தவளும் அதில் எங்கே என்று கேட்கத் துணிந்த ஒரு மாதரசியைப் பற்றி இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

ஆலிஸ் கிளார்க் அம்மையார் 1874-ல் இங்கிலாந்தில் ஸ்டிரீட் என்னும் சிற்றூரில் பிறந்தார். இந்தியாவின் நலனுக்காகக் காமன்ஸ் சபையில் பேசிய ஜான் பிரைட் இவருடைய தாய்வழிப் பாட்டனார். குடும்பத்தாரின் பாதரட்சைத் தொழிற்சாலையில் வேலை பழகி, அதன் டைரக்டர்களில் ஒருவருமானார். நாற்பது வயதை நெருங்குகையில், பெர்னார்ட் ஷாவின் மனைவியார் ஏற்படுத்திய உபகாரச் சம்பளம் பெற்று, லண்டன் பொருளாதாரக் கலாசாலையில் ஆராய்ச்சியில் இறங்கினார்.

நியாயஸ்தலப் பதிவுகளையும் கூலி நிர்ணயப் பத்திரங்களையும் துருவி, பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில ஸ்திரீகளின் உழைப்பைப் பற்றி 1919-ல் ஒரு நூல் வெளியிட்டார். வீடே தொழிற்கூடமாயிருந்தவரை மனைவி புருஷனுக்குத் தொழிலில் கூட்டாளி. முதலாளித்துவம் தொழிலை வீட்டினின்று பிரித்துக் கூலியை ஆண் கையில் கொடுத்ததும் அவள் நிலை தாழ்ந்தது என்பது அவர் கண்ட முடிபு. தொழிற்சாலை முதலாளியின் புதல்வியே இதை எழுதினார் என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய நாட்களை அவர் சற்று அதிகமாகவே புகழ்ந்துவிட்டார் என்று பின்வந்த ஆராய்ச்சியாளர் குறை கூறியதுண்டு. ஆயினும் அவருடைய கேள்வியை அவர்களும் கைவிடவில்லை.

அம்மையார் 1934-ல் காலமானார். நம் இல்லங்களிலும் வரவு செலவுப் புத்தகம் இருக்கிறது. பால்காரிக்குக் கொடுத்த காசு அதில் ஏறும். அடுப்படியில் செலவான உழைப்பு ஏறுவதில்லை. நாளைய சரித்திராசிரியர் அதைப் புரட்டினால் நம் தாய்மாரைப் பற்றி என்ன அறிவார்?