முதல் பாக்கெட் இனாம், அடுத்த பாக்கெட் யார் தலையில்?



ஊருக்கு ஒரு 'முன்னோடி விவசாயி'யைக் கம்பெனிக்காரன் எப்படிப் பிடிக்கிறான்? கிணறும் நல்ல மண்ணும் உள்ளவருக்கு விதை இனாம், மருந்து இனாம். காய்ப்பு வந்ததும் நம்மை வேனில் ஏற்றிப்போய் வயல் விழா, சாப்பாடு, தொப்பி!

இது பழைய தந்திரம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் பரவிய கதையை ரையான், கிராஸ் என்ற இருவர் 1943-லேயே எழுதிவிட்டார்கள். சேதி சொன்னவன் விற்பனையாள். நம்ப வைத்தவன் பக்கத்துக் காட்டுக்காரன்! அந்தப் பக்கத்துக் காட்டுக்காரரைத்தான் கம்பெனி வளைக்கிறது.

பி.டி. பருத்தியில் என்ன ஆச்சு? 2002-ல் அனுமதி. 450 கிராம் பாக்கெட் 1,600 ரூபாய்க்கு மேல். ஆந்திர அரசு வழக்குப் போட்ட பிறகே 2006-ல் 750 ரூபாய்க்கு இறங்கியது. வீரிய ஒட்டு என்பதால் விதை எடுத்துவைக்கவும் வழியில்லை. குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு இதற்குச் சாகவில்லை என்று 2010-ல் மான்சான்டோவே ஒப்புக்கொண்டது. அடுத்த ரகத்தை வாங்கு என்றது!

இன்று ட்ரோன், செல்போன் செயலி என்று வருகிறார்கள். வழி அதேதான்.

முன்னோடி விவசாயி நம் அண்ணன் தம்பிதான். அவரிடம் கேளுங்கள்: விதைக்குக் காசு கொடுத்தீங்களா? மானாவாரியில் விளையுமா? மூணாம் வருஷம் என்ன ஆகும்?

கம்பெனியே!
இனாமாகக் கொடுத்ததைத் திடல் பலகையில் எழுது!
மானாவாரிக் காட்டிலும் திடல் போடு!
விளையாவிட்டால் நஷ்டஈடு கொடு!

பில் இல்லாமல் விதை வாங்காதீர்! ஒன்றுகூடிக் கேட்போம், வாரீர்!