மனிதருக்கு அஞ்சாத குழந்தைகள்

அந்நியரைக் கண்டதும் தாயின் முந்தானைக்குள் முகத்தை மறைத்துக் கொள்வது குழந்தைகளின் சுபாவம். ஆனால் எதிர்ப்படும் ஒவ்வொருவரையும் நெடுநாள் பழகிய சிநேகிதராகப் பாவித்து ஓடி வரும் குழந்தைகளும் உலகில் உண்டு. இதை நற்குணமென்று கொண்டாடுவதா, வியாதியென்று வருந்துவதா?

1961-ம் வருஷத்தில் நியூஜீலந்து தேசத்து டாக்டர் வில்லியம்ஸ், இருதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக் குழாய் குறுகிப் போயிருந்த நோயாளிகள் நால்வரிடம் ஒரே விதமான முகச் சாயலும் அறிவு வளர்ச்சியில் தாமதமும் இருக்கக் கண்டார். 'வில்லியம்ஸ் கோளாறு' என்று பெயர் பெற்ற இதன் மூலகாரணம் 1993-ல்தான் வெளிப்பட்டது. ஏழாவது குரோமோஸோம் ஜோடியில் ஒன்றிலிருந்து சிறு துண்டு விடுபட்டுப் போகிறது. அத்துடன் இருபத்தைந்துக்கு மேற்பட்ட ஜீன்களும் போய்விடுகின்றன. ரத்தக் குழாய்களுக்கு நெகிழ்ச்சி தரும் எலாஸ்டின் என்ற பொருளை உண்டாக்கும் ஜீன் அவற்றில் ஒன்று. பெரும்பாலும் இது தற்செயலாய் நேர்வது. தாயையோ தந்தையையோ குறை கூற நியாயமே இல்லை.

கலிபோர்னியாவில் ஸால்க் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த உர்ஸுலா பெலூகி அம்மையார், இவர்களுடைய பேச்சுத் திறனைப் பல வருஷங்கள் ஆராய்ந்தார். யானையைப் பற்றி மிக ரஸமாக வர்ணித்த ஒரு யுவதியால், அதன் படத்தை எழுத முடியவில்லை. உறுப்புக்கள் ஒன்றோடொன்று சேராமல் காகிதத்தில் சிதறிக் கிடந்தன! புத்தியை ஒரே தராசில் நிறுத்துவிடலாம் என்று நினைப்போர் இதைச் சற்றே சிந்திக்க வேண்டும்.

2005-ல் அமெரிக்காவில் நடந்த மற்றோர் ஆராய்ச்சி இன்னும் விசித்திரமானது. மூளையில் அச்சத்தை எழுப்பும் அமிக்டலா என்னும் பகுதி, கோபமும் பயமும் தோன்றும் முகங்களைக் காட்டியபோது இவர்களிடம் அதிகம் சலனமடையவில்லை. பயங்கரக் காட்சிகளைக் காட்டியபோதோ மற்றவர்களைவிட அதிகமாகவே துடித்தது. ஆகவே இவர்கள் பயமறியாதவர்கள் அல்லர். மனிதரிடத்தில் மட்டுமே பயமற்றவர்கள்.

அந்தோ, அந்த ஒன்றுதான் அபாயம்! யாரையும் நம்புவதால் வஞ்சகரிடம் எளிதில் சிக்குகிறார்கள். எல்லோரையும் நேசித்தும் நிலைத்த நட்பின்றித் தனிமையில் வாடுவோர் பலர். இருதயக் கோளாறுக்குச் சிகிச்சை உண்டு. குரோமோஸோமில் விடுபட்டதை ஈடுசெய்ய இன்று மருந்து இல்லை. எச்சரிக்கையாயிருக்கக் கற்பிப்பது பெற்றோர் கடமை. அந்தக் களங்கமற்ற நம்பிக்கைக்குத் தகுதியுள்ளவர்களாய் நடந்துகொள்வது நம் எல்லோருடைய கடமை.