திருகாணி சின்னது, செலவு பெரியது!

மாமனார் காலத்து அம்பாஸிடர் உங்கள் வீட்டு வாசலிலும் நிற்கிறதா? அப்படியானால் இந்த வாரம் உங்களோடுதான் பேச்சு.

என்ஜின் 'டக் டக்' என்று தாளம் போட்டால், "டேப்பட் ஸ்குரூ தேய்ந்துவிட்டது, அம்மா" என்பார் மெக்கானிக். பழைய 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினில் வால்வு எட்டு, திருகாணியும் எட்டு. 2014-ல் வண்டித் தயாரிப்பே நின்றுவிட்டது. ஆகவே பார்த்து வாங்க வேண்டும்.

தோட்டுத் திருகாணி தொலைந்தால் தோட்டையே தட்டானிடம் கொண்டுபோய், மரை பார்த்துத்தானே வாங்குகிறோம்? இதுவும் அப்படித்தான். பழைய திருகாணியையும் நட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். மரையும் நீளமும் ஒத்திருக்க வேண்டும். நட்டு விரலாலேயே தடங்கலின்றி ஏற வேண்டும். அடியிலுள்ள குமிழ் வழவழவென்று இருக்க வேண்டும். மலிவென்று கெட்டிப்படுத்தாத இரும்பை வாங்கினால், குமிழ் சீக்கிரமே தேய்ந்து மறுபடியும் தாளம்தான்! குமிழ் உட்காரும் 'புஷ் ராடு' கம்பியின் கிண்ணம் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. சத்தமே கேட்கக் கூடாதென்று இறுக்கச் சொல்லாதீர்கள். இடைவெளி இல்லாவிட்டால் வால்வு சரியாக மூடாது, சூட்டில் கருகிவிடும். வண்டியின் கையேட்டில் உள்ள அளவுப்படி, ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்துப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். அந்த மெல்லிய சத்தம் இருந்துவிட்டுப் போகட்டும். இறுக்கச் சொல்லிவிட்டு ஒரு வால்வுக்குத் தண்டம் அழுதவள் சொல்கிறேன், கேளுங்கள்!