துடைப்பம் பிடிக்கும் கையும் நோய் தடுக்கும் கையே

அழுக்கு மங்கில் விழும் பால் கெட்டுப்போகும் என்று பால்மரத் தொழிலாளிக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக்கும் அதே விதிதான்.

1847-இல் வியன்னா நகரப் பிரசவ ஆஸ்பத்திரியில் ஸெம்மல்வைஸ் என்னும் டாக்டர் ஓர் உத்தரவு போட்டார். பிணம் அறுத்த கையோடு பிரசவம் பார்க்க வரும் டாக்டர்கள் குளோரின் கரைத்த நீரில் கை கழுவ வேண்டும் என்பதே அது. ஏப்ரலில் நூற்றுக்கு 18 தாய்மார் மாண்ட அந்த வார்டில், ஜூனில் மாண்டவர் நூற்றுக்கு 2 பேரே.

இவ்வளவு காலத்துக்குப் பிறகும் நிலைமை என்ன? உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். பணக்கார நாடுகளில் ஆஸ்பத்திரியில் சேரும் 100 பேரில் 7 பேருக்கு அங்கேயே புதிய தொற்று ஒட்டுகிறது. ஏழை, நடுத்தர நாடுகளிலோ 15 பேருக்கு! நம் நாடும் நடுத்தர நாடே. நோய் தீரப் போன இடத்தில் நோய் வாங்கி வருவது விதியல்ல, கவனக்குறைவு.

மலாக்கா, ஜாசின், அலோர்காஜா ஆஸ்பத்திரிகளுக்கு நம் தோட்ட மக்கள் போகிறார்கள். டாக்டரை வணங்குகிறோம், நர்ஸுக்கு நன்றி சொல்கிறோம். தரை துடைத்து, இரத்தம் தோய்ந்த துணியை அள்ளும் அம்மாவை யார் நினைக்கிறோம்? 1997 முதல் அரசாங்க ஆஸ்பத்திரிகளின் துப்புரவு வேலை தனியார் கம்பெனிகளிடம் விடப்பட்டது. கொரோனா காலத்தில், 2020 ஜூனில், ஈப்போ அரசாங்க ஆஸ்பத்திரியின் முன் துப்புரவுத் தொழிலாளருக்காகக் குரல் கொடுத்த தொழிற்சங்கத்தார் ஐவர் கைது செய்யப்பட்டதை நாம் மறக்கவில்லை.

கையுறையும் பயிற்சியும் கொடுக்காமல் சுத்தத்தை மட்டும் கேட்பது நியாயமா? துப்புரவுத் தொழிலாளருக்குத் தக்க பாதுகாப்புச் சாதனமும் முறையான பயிற்சியும் வேண்டும். குத்தகை கைமாறினாலும் அவர்கள் வேலைக்காலம் அறாமல் தொடர வேண்டும். இவை சலுகையல்ல, நோயாளியின் உயிர்க்காப்பு.

நமக்கும் கடமை உண்டு, தோழர்களே! ஒருவர் படுத்தால் லயமே திரண்டு போய்ப் பிள்ளைகளோடு கட்டிலில் உட்காருகிறோம். அது அன்புதான், ஆனால் கிருமிக்கு அன்பு தெரியாது. வார்டுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் கை சுத்தம் செய்யுங்கள். கை மருந்தைத் தேய்க்க அரை நிமிடம் போதும். “கை கழுவிவிட்டீர்களா, ஐயா?” என்று டாக்டரையும் பணிவாகக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

மங்கு துடைக்கும் கையை மறந்தால் பாலும் கெடும், பாடும் வீணாகும்.