402 மீட்டருக்குக் காரைக் கொடுக்கலாமா?

மோட்டார் இன்ஷூரன்ஸ் பாலிசியை யாரும் படிப்பதில்லை. என்னைப் போன்ற சர்வேயர்களுக்கு ஊரில் இவ்வளவு கெட்ட பெயர் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். வண்டியை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று அதில் ஒரு பத்தி இருக்கும். வாடகைக்கு விடக்கூடாது, சரக்கு ஏற்றக்கூடாது என்ற கையோடு, பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் ஓட்டினால் பாலிசி செல்லாது என்றும் சொல்லியிருக்கும். "சித்தி, இருங்காட்டுக்கோட்டைல டிராக் ரேஸ் வருது, நம்ம வண்டிய எடுத்துட்டுப் போகவா?" என்று அக்கா மகன் கேட்டபோது, முதலில் அந்தப் பாலிசியைத்தான் எடுத்துவரச் சொன்னேன்.

நம்ம வண்டி என்பது ஹூண்டாய் ஐ20 என் லைன். 998 சிசி டர்போ இன்ஜின், 120 குதிரைசக்தி. முடிச்சூரிலிருந்து சிறுசேரிக்கு வேலைக்குப் போய்வர வாங்கியது. தவணை இன்னும் பாக்கி. வேடிக்கை என்னவென்றால், ஹூண்டாய் தொழிற்சாலையும் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ரேஸ் டிராக்கும் ஒரே ஊரில் இருக்கின்றன. பையன் அதைப் பிறந்த வீட்டுக்கே சீராட அனுப்பலாமா என்று கேட்கிறான்.

அனுப்பலாம் என்பதுதான் என் கட்சி. என் தொழிலைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது.

டிராக் ரேஸ் என்றால் நேர்க்கோட்டில் 402 மீட்டர், பழைய கணக்கில் கால் மைல். திருப்பம் கிடையாது. பக்கத்துக்கு ஒரு கார். கம்பத்தில் மஞ்சள் விளக்குகள் எரிந்து பச்சை விழும். அதற்கு முன்னால் அசைந்தால் சிவப்பு, அத்தோடு ஆட்டம் முடிந்தது. ஆனால் கடிகாரம் பச்சை விழுந்ததும் ஓடத் தொடங்குவதில்லை. முன்சக்கரம் கோட்டிலுள்ள ஒளிக்கற்றையை விட்டு நகரும்போதுதான் தொடங்குகிறது. அதனால் குறைந்த நேரத்தில் ஓடி முடித்தவன், பச்சையைப் பார்த்துத் தாமதமாகக் கிளம்பியதால் தோற்பதும் உண்டு. இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்த இடம் அது.

காருக்குப் பிடிக்காத இடமும் அந்தக் கிளம்பும் நொடிதான். முன்சக்கரம் இழுக்கும் கார்களில், ஆக்சிலரேட்டரை ஒரே மிதியாக மிதித்தால் எடை பின்னால் சாய்ந்துவிடும். இழுக்க வேண்டிய முன்டயர் லேசாகி வழுக்கும், பிடிக்கும், மறுபடி வழுக்கும். அந்தத் துள்ளலில் அடி வாங்குவது டிரைவ் ஷாஃப்டும் இன்ஜின் மவுண்டும். ஆட்டோமேட்டிக்கில் எண்ணெயில் மூழ்காத உலர் ரக இரட்டை கிளட்ச் இருந்தால் இன்னும் சிக்கல். பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து அழுத்திக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் அது சூடேறும். ஆறவிடாமல் அடுத்த ரவுண்டுக்குப் போனால் அது தேயத்தான் செய்யும்.

சேலையூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் பார்த்த கார் நினைவுக்கு வருகிறது. சாலையில் கிடந்த கல் அடியில் பட்டு கியர்பாக்ஸ் போய்விட்டது என்று கிளெய்ம். இறக்கிவைத்த கிளட்ச் தட்டு நீலம் பாய்ந்திருந்தது, மேலே மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. பெட்டியின் அடியிலோ ஒரு கீறல் இல்லை. முன்டயர் இரண்டின் ஓரத்தில் மட்டும் உருகி உருண்ட ரப்பர். ஸ்டெப்னியைக் காணோம். பின்சீட் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட புதுப் பளபளப்பு. எடையைக் குறைக்க ஸ்டெப்னியையும் பின்சீட்டையும் கழற்றிவைப்பது யாருடைய வழக்கம் என்று எனக்குத் தெரியாதா? "டிராஃபிக்ல போனதுதாங்க மேடம்" என்றார் வண்டிக்காரர். நான் எழுத வேண்டியதை எழுதிக் கொடுத்தேன்.

ஆகவே பையனிடம் நான் கேட்டது இரண்டே கேள்வி. திங்கட்கிழமை இந்தக் கார் பட்டறையில் கிடந்தால், தாம்பரத்தில் பஸ் ஏறி சிறுசேரி போவாயா? ஒரு கிளட்ச் மாற்றுகிற பணம், கடன் வாங்காமல், கையில் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் போ. எந்த டயர், எவ்வளவு காற்று, ரீமேப் செய்யலாமா என்பதெல்லாம் அப்புறம். ரீமேப் வேண்டாம் என்பேன், வாரன்டி போய்விடும். எப்படியும் அந்தக் கார் பதினேழு விநாடியை ஒட்டித்தான் ஓடும். பக்கத்துத் தடத்தில் பழைய ஹோண்டா சிட்டி விடெக் ஒன்று அவனை விட்டுவிட்டுப் போகும். போகட்டும், உடம்புக்கு நல்லது.

இவ்வளவு செலவுக்கும் நான் சம்மதிப்பது, வேண்டாம் என்றால் அவன் எங்கே போவான் என்று தெரிந்திருப்பதால்தான். வண்டலூரில் தொடங்கி மீஞ்சூர் வரை 60 கிலோமீட்டருக்கு மேல் நீளும் வெளிவட்டச் சாலை எங்கள் முடிச்சூர் வழியாகத்தான் போகிறது. ராத்திரியில் பார்த்தால் ஆறு வழி, நேர் கோடு, ஆளில்லை. அப்படித்தான் தோன்றும். 130 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 36 மீட்டர் போகிறது. பின்விளக்கு இல்லாமல் ஓரங்கட்டிய லாரியைக் கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்த 36 மீட்டரும் காலி. நிற்க அதைப் போல் இரண்டு பங்குக்கு மேல் வேண்டும். எங்கள் பக்கத்து மாடுகளுக்கு இந்தக் கணக்கு தெரியாது.

சட்டம் இருக்கிறது. பொது இடத்தில் அனுமதியில்லாமல் பந்தயம் ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆவது பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் தடவைக்கு மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2022 முதல் தாம்பரத்துக்குத் தனிப் போலீஸ் கமிஷனரகமே இருக்கிறது. இருந்தும் வண்டிகளைப் பிடிக்க முடிகிறதே தவிர, ஆசையைப் பிடிக்க முடியவில்லை.

டிராக்கில் மட்டும் ஆபத்தில்லையா என்று அக்கா கேட்கிறாள். நியாயமான கேள்வி. 2023 ஜனவரியில் இதே இருங்காட்டுக்கோட்டையில், அனுபவம் மிக்க கே.ஈ. குமார் பந்தய விபத்தில் இறந்தார். அங்கே ஆம்புலன்ஸ் காத்திருக்கும், டாக்டர் இருப்பார், ஹெல்மெட் இல்லாமல் கோட்டுக்கே விடமாட்டார்கள், அப்படியும் நடந்தது. ஆனால் தேசிய சாம்பியனாக இருந்த அஸ்வின் சுந்தர் 2017 மார்ச்சில் மனைவியோடு உயிரிழந்தது டிராக்கில் அல்ல, சாந்தோம் சாலையில், கார் மரத்தில் மோதித் தீப்பற்றி. டிராக்கில் மரம் இல்லை, எதிரே வருகிறவர் இல்லை, நடைபாதையில் தூங்குகிறவர் இல்லை. எனக்கு அந்த வித்தியாசம் போதும்.

இது நமக்கு மட்டும் வந்த தலைவலியும் அல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கலிபோர்னியாவில் இளைஞர்கள் தெருவில் கார் விரட்டினார்கள். 1950இல் சான்டா ஆனா விமான ஓடுதளத்தில் ஞாயிறுதோறும் கட்டணம் வாங்கிக்கொண்டு ஓடவிட ஆரம்பித்தார்கள். 1951இல் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய்ப் பாதுகாப்பான பந்தயம் நடத்தக் கற்றுக்கொடுக்க அந்தச் சங்கம் அனுப்பிய குழுவுக்குத் தலைவர் பட் கூன்ஸ், போமோனா நகரப் போலீஸ்காரர்! நாமும் சளைத்தவர்கள் அல்ல. போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பல்லாண்டு கார்ப் பந்தயம் பார்த்த ஊர் இது.

இப்போது நம்மிடம் என்ன குறை? 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரைக் கிலோமீட்டர் சாலையை அடைத்து, ராத்திரி வெளிச்சத்தில் ஃபார்முலா 4 ஓட்டிக் காட்டியது அரசு. கைதட்டினேன். ஆனால் அது வேடிக்கை பார்க்கிற பந்தயம். நம்பர் பிளேட்டும் தவணையும் உள்ள காரை வைத்திருக்கிற பையன் ஓட்டிப்பார்க்கிற பந்தயமும் வேண்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு சினிமாவுக்குக் குடும்பத்தோடு போய்வரும் செலவில், சாதாரணக் கார்களுக்கு அந்த நேர் ஓட்டத்தைத் திறந்துவிடுங்கள். கட்டணத்தில் பாதியைத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஏற்கட்டும். தன் கார் எத்தனை விநாடியில் ஓடும் என்று ஓட்டுநர் முன்கூட்டியே எழுதிக்கொடுத்து, மெதுவான வண்டி அந்த வித்தியாசத்துக்குத் தக்க முன்னாடியே கிளம்பும் முறை அமெரிக்காவில் உண்டு. அப்படி வைத்தால் ஆல்டோவும் ஜெயிக்கலாம். இன்ஜினில் பணத்தைக் கொட்டுவதும் குறையும்.

என் துறைக்கும் ஒரு வேலை இருக்கிறது. பந்தயத்தில் ஓடிய வண்டிக்குப் பொறுப்பேற்க மறுக்க, சட்டத்தின் 150ஆவது பிரிவே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு வழி வைத்திருக்கிறது. மறுப்பது சுலபம். பரிசோதித்த வண்டி, பதிவு செய்த ஓட்டுநர், ஒரே ஒரு நாள் என்று தனிப் பிரீமியம் போட்டு ஒரு பாலிசி எழுதுவதும் முடியாத காரியம் அல்ல. கணக்குப் போட நாங்கள் இருக்கிறோம்.

பையன் ஹெல்மெட் வாங்கிவிட்டான். கிளட்ச் என்ன விலை என்பதை அக்காவிடம் சொல்லச் சொல்லி என்னைச் சுற்றிச் சுற்றி வருகிறான். அதை அவனே சொல்லட்டும்.