மூட்டு வலிக்கு இயற்கைத் துணையுணவு: வாங்குமுன் ஒரு சொல்

மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சையும் கீமோவும் கதிர்வீச்சும் நிறைவுற்று, இனி நாள்தோறும் ஒரு சிறு மாத்திரை போதும் என்று வீடு திரும்பும் பெண்களில் பலரை, இரண்டு மூன்று மாதங்களுக்குள் புதியதொரு துன்பம் வந்து பற்றுகிறது. காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்க மறுக்கின்றன. தரையில் அமர்ந்தவர் எழுவதற்குச் சுவரைத் தேடுகிறார். தேங்காய் துருவுவதும் துணி பிழிவதும் பெரும்பாடாகின்றன. லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல், எக்ஸெமெஸ்டேன் ஆகிய மருந்துகளை உட்கொள்ளும் பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இத்தகைய மூட்டு வலியைக் கூறுகின்றனர்.

காரணம் மறைபொருளன்று. மாதவிடாய் நின்ற பின்னரும் பெண்ணின் உடல், கொழுப்பிலும் தசையிலும் உள்ள அரோமடேஸ் என்னும் நொதியின் துணைகொண்டு சிறிதளவு ஈஸ்ட்ரோஜனை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. அச்சிறிதளவும் சில வகைப் புற்றணுக்களுக்கு உணவாகும் என்பதால் இம்மருந்துகள் அந்நொதியைத் தடுக்கின்றன. மூட்டுகள் இலகுவாக இருப்பதற்கும் அதே ஈஸ்ட்ரோஜன் உதவி வந்தது என்பதே இங்குள்ள சிக்கல். ஆகவே, இவ்வலி நோய் திரும்பியதன் அடையாளம் என்று அஞ்ச வேண்டியதில்லை. மருந்து தன் வேலையைச் செய்யும்போது உடன் வரும் வலியே பெரும்பாலும் இது. எனினும், ஓரிடத்தில் மட்டும் நிலைத்து, இரவிலும் உறங்கவிடாமல் நாளுக்கு நாள் பெருகும் எலும்பு வலியை உடனே மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

வலி வந்ததும் வீட்டில் அறிவுரைகள் குவிகின்றன. வெளிநாட்டிலிருந்து வரும் தம்பி மீன் எண்ணெய் கேப்சூல் கொண்டு வருகிறார். அண்டை வீட்டு அக்கா குளுக்கோசமைனைப் பரிந்துரைக்கிறார். மஞ்சள் சத்து, அமுக்கரா, கொல்லிமலை முடவாட்டுக்கால் என்று கைப்பேசியில் நாளொரு செய்தி வருகிறது. மருந்தகத்தின் சாளரத்தில் நிற்கும் என்னிடம், "ஐயா, இவற்றுள் எது நல்லது?" என்று கேட்காத நாளில்லை.

இக்கேள்விக்கு விடை சொல்லுமுன் நான் வேறொன்றைக் கேட்பது வழக்கம்: "இந்த வலியை டாக்டரிடம் சொன்னீர்களா, அம்மா?" பலரும் சொல்லவில்லை என்பதே பதில். உயிர் பிழைத்ததே பெரிது, முழங்கால் வலியைப் போய் முறையிடுவதா என்ற கூச்சம் அவர்களுக்கு. "அதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்று மருத்துவப் பணியாளர் யாரேனும் ஒருமுறை சொல்லியிருந்தால் அக்கூச்சம் இரட்டிப்பாகிறது. அவ்வாறு சொல்லுதல் எங்கள் துறையின் குறை என்றே கருதுகிறேன். சொல்லப்படாத வலி என்ன செய்கிறது என்பதை மருந்துக் கணக்கு காட்டிவிடும். முப்பது நாளுக்கான முப்பது மாத்திரைகளை வாங்கிச் சென்றவர் நாற்பத்தைந்தாம் நாள்தான் மீண்டும் வருகிறார் எனில், இடையில் மாத்திரைகள் விடப்பட்டிருக்கின்றன. வலி தாங்காமல் ஒருநாள் விட்டு ஒருநாள் உண்கிறார். வலியைத் தணிக்க வேறொரு டப்பா வாங்குகிறார். இரண்டும் மருத்துவருக்குத் தெரிவதில்லை.

இது அற்ப விஷயமன்று. கலிபோர்னியாவில் 8,769 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2011-இல் வெளியான ஆய்வில், ஹார்மோன் மாத்திரையை இடையில் நிறுத்தியவர்களிடமும் ஒழுங்காக உட்கொள்ளாதவர்களிடமும் இறப்பு விகிதம் மிகுந்திருந்தது. ஐந்தாண்டு, சிலருக்கு அதற்கும் மேலாக உண்ண வேண்டிய மருந்து இது. எந்தத் துணையுணவையும் நான் எடைபோடுவது இவ்வளவுகோலால்தான்: இது அந்த மாத்திரையைத் தொடர இப்பெண்ணுக்கு உதவுகிறதா, அல்லது அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறதா?

மீன் எண்ணெயை எடுத்துக்கொள்வோம். இவ்வலிக்கென்றே நன்முறையில் சோதிக்கப்பட்ட சிலவற்றுள் அது ஒன்று. அமெரிக்காவில் 249 பெண்களைக் கொண்டு நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், ஒரு சாரார்க்கு ஒமேகா-3 கேப்சூலும் மற்றொரு சாரார்க்கு அதே தோற்றமுடைய சாதாரணத் தாவர எண்ணெய்க் கேப்சூலும் 24 வாரம் வழங்கப்பட்டன. யார் எதை உண்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஒமேகா-3 உண்டோரின் வலி நன்கு தணிந்தது. வெறும் எண்ணெய் உண்டோரின் வலியும் ஏறத்தாழ அவ்வளவே தணிந்தது. உடல் நிறை குறியீடு 30-ஐ எட்டியவர்களை மட்டும் பின்னர் பிரித்துப் பார்த்தபோது ஒமேகா-3க்குச் சற்று நன்மை தென்பட்டது. ஆயினும் பின்னர் பிரித்துப் பார்த்ததை வைத்து முடிவு கட்டுதல் இயலாது.

இம்முடிவை எண்ணிப் பார்ப்பது நலம். வெறும் எண்ணெய் உண்டவர்களின் வலி பொய்யா? ஒருபோதும் இல்லை. அவ்வாய்வில் சேர்வதற்கே குறிப்பிடத்தக்க வலி இருத்தல் வேண்டும். நாள் செல்லச் செல்லச் சில வலிகள் தாமே தணியும். மிகக் கடுமையான வேளையில் உதவி நாடுவோர்க்கு அடுத்து வருவது பெரும்பாலும் சற்றே நல்ல வேளையாகத்தான் இருக்கும். நம்பிக்கைக்கும் பங்குண்டு. "இந்த வாரம் வலி எப்படி?" என்று ஒருவர் பொறுப்புடன் கேட்டுக் குறித்துக்கொள்வதும் ஓர் ஆறுதலே. ஆகவே, "கேப்சூல் சாப்பிட்டேன், வலி போயிற்று" என்று அக்கா சொல்வது முழு உண்மையாக இருக்கலாம். வலியைப் போக்கியது கேப்சூல்தான் என்பது அதனால் உறுதியாவதில்லை. இதைச் சொல்லும்போது சிலர் முகம் வாடுகிறது. விலையுயர்ந்த டப்பாவை வாங்க இயலாத பெண்ணுக்கோ இது நற்செய்தி.

குளுக்கோசமைனும் காண்ட்ராய்டினும் பற்றி விரிக்க அதிகமில்லை. 53 பெண்களிடம் சோதித்ததில் ஏறத்தாழப் பாதிப் பேர் நலம் கண்டனர். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு அணி இல்லை. வார்ஃபரின் உண்போர் அதைத் தவிர்த்தல் வேண்டும். பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கப்படுவதால் சைவ உணவினரும், அவற்றால் ஒவ்வாமை உடையோரும் லேபிளைப் படித்தறிதல் நன்று. வைட்டமின் டி கதை வேறு. இம்மருந்துகள் எலும்பின் அடர்த்தியைக் குறைப்பதால், இரத்தப் பரிசோதனையில் குறைபாடு தெரிந்தால் அதை நிரப்பியே ஆக வேண்டும். குறைபாடு இல்லாதார்க்கு மிகுதியாகக் கொடுப்பதால் மூட்டு வலி தீரும் என்பதற்குத் திடமான சான்றில்லை. வாரம் ஒன்று என எட்டு வாரத்துக்கு எழுதித் தந்த 60,000 அலகு மாத்திரையை ஓராண்டாகத் தொடர்வோரையும் காண்கிறேன். இரத்தத்தில் கால்சியம் பெருகிச் சிறுநீரகத்தைத் தாக்கும் ஆபத்து அதில் உண்டு.

மஞ்சளைப் பற்றித்தான் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. நம் சமையலறையின் பொருள் ஆதலால் அதனால் தீங்கு நேராது என்று மனம் எளிதில் நம்பிவிடுகிறது. சாம்பாரிலும் பாலிலும் சேரும் மஞ்சளைப் பற்றி எனக்கு எவ்விதக் கவலையும் இல்லை. ஆனால் மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்களவே உண்டு. 500 மில்லிகிராம் செறிவூட்டிய கேப்சூல் ஒன்றிலுள்ள குர்குமின், ஏறத்தாழ 15 கிராம் மஞ்சள்தூளில் இருக்கும் அளவு. ஒரு குடும்பம் நாள் முழுதும் உண்ணும் மஞ்சளைவிட மிகுதியானதை ஒருவர் ஒரே விழுங்கில் உட்கொள்கிறார். போதாததற்கு மிளகின் பைப்பரினும் அதில் சேர்க்கப்படுகிறது. பைப்பரின் சேர்ந்தால் குர்குமின் இரத்தத்தில் சேரும் அளவு இருபது மடங்காகிறது என்று 1998-இல் காட்டியவர்கள் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள். குர்குமினை உட்புகுத்தும் அதே மிளகுச் சத்து, பிற மருந்துகளை உடல் கையாளும் விதத்தையும் மாற்றக்கூடும். டமாக்சிஃபென் உண்ட பெண்களிடம் நெதர்லாந்தில் நடந்த சிற்றாய்வு ஒன்றில், குர்குமினும் பைப்பரினும் சேர்ந்தபோது அம்மருந்தின் செயல்படும் வடிவம் இரத்தத்தில் குறைந்தது. செறிவூட்டிய மஞ்சள் கேப்சூலாலும் அமுக்கராவாலும் கல்லீரல் பாதிப்புற்றோர் பற்றிய அறிக்கைகளும் பல நாடுகளிலிருந்து வந்துள்ளன.

முடக்கத்தான் தோசை, பிரண்டைத் துவையல், முடவாட்டுக்கால் சூப் ஆகியவற்றுக்கும் என் அளவுகோல் இதுவே. உணவாக, உணவின் அளவில் உண்பது நம் வழக்கம். அதைத் தடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. அவற்றின் பெயரில் வரும் செறிவூட்டிய மாத்திரை வேறு பொருள். சித்த மருத்துவம் வேண்டுமெனில், தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் தகுதி பெற்ற மருத்துவரிடம் உங்கள் சிகிச்சைக் குறிப்பேட்டுடன் சென்று காட்டுங்கள். அவர் தருவதை இங்கும் தெரிவியுங்கள்.

லேபிளற்ற பொட்டலங்களை மட்டும் கைக்கொள்ளாதீர்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022-இல், மூட்டுக்கான இயற்கைத் துணையுணவு என விற்கப்பட்ட சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டும் டைக்ளோஃபெனாக் வலிமருந்தும் மறைத்துச் சேர்க்கப்பட்டிருந்ததைக் கண்டு எச்சரித்தது. உண்ட இரண்டே நாளில் வலி மாயமாய் மறைந்து, முகம் உப்பி, சர்க்கரை ஏறினால் ஐயுறுங்கள். அத்தகைய பொருளைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே. முதலில் மருத்துவரிடம் வாருங்கள். நம் நாட்டில் முறைப்படி விற்கப்படும் துணையுணவின் லேபிளிலேயே, அது மருத்துவப் பயன்பாட்டுக்கன்று என அச்சிட்டிருத்தல் வேண்டும் என்பது விதி. சிறிய எழுத்துதான், கண்ணாடியை அணிந்து தேடினால் கிடைக்கும்.

அப்படியாயின் வலிக்கு வழி என்ன? நான் முதலில் சொல்வது டப்பாவில் கிடைக்காதது. கனெக்டிகட்டில் 121 பெண்களிடம் ஓராண்டு நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், வாரம் இருமுறை பயிற்றுநர் முன்னிலையில் எடைப் பயிற்சியும் 150 நிமிட நடையும் மேற்கொண்டவர்களின் மிகக் கடுமையான வலி 29 விழுக்காடு குறைந்தது. வழக்கம்போல் இருந்தோரின் வலி 3 விழுக்காடு கூடியது. வலிக்கும் மூட்டை அசைப்பது எப்படி என்று கேட்பீர்கள். முதல் இரு வாரம் கடினமே. பத்து நிமிட நடையில் தொடங்கலாம். அறுவை செய்த பக்கத்துக் கையில் வீக்கம் உடையோர் எடை தூக்குமுன் இயன்முறை சிகிச்சையாளரைக் காண வேண்டும். மனைவிக்காக மாதந்தோறும் கேப்சூலுக்குச் செலவிடும் கணவர்மார், காலையில் அரைமணி நேரம் அவருடன் நடந்தால் செலவும் மிஞ்சும்.

மருத்துவரிடமும் வழிகள் உண்டு. ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாதவர்க்கு அதே வகையில் மற்றொன்று ஒத்துக்கொள்ளலாம். சில வாரம் இடைவெளி விட்டு மாற்றுவதும் உண்டு. அவ்விடைவெளியை முடிவு செய்ய வேண்டியவர் அவர். டுலாக்செட்டின் என்னும் மருந்தும் அக்குபஞ்சரும் முறையான ஆய்வுகளில் ஓரளவு பயன் தந்துள்ளன. இவை எதுவும் வலியைச் சொல்லாதவர்க்குக் கிட்டுவதில்லை.

அடுத்த முறை வரும்போது, வீட்டில் உண்ணும் எல்லாவற்றையும் ஒரு பையில் இட்டுக் கொண்டு வாருங்கள்: டப்பா, சூரணம், எண்ணெய், உறவினர் தந்த பெயர் தெரியாத பொட்டலம் உட்பட. விடுபட்ட மாத்திரைகளின் எண்ணிக்கையையும் மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் கடிந்துகொள்ள மாட்டோம். அறுவை சிகிச்சை ஏதேனும் திட்டமிடப்பட்டிருந்தால், இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் மீன் எண்ணெய், மஞ்சள் கேப்சூல் ஆகியவற்றை எப்போது நிறுத்துவது என்றும் அன்றே கேட்டுக்கொள்ளலாம்.