பிடிவாரண்ட்: யாருக்குத் தெரிய வேண்டுமோ அவருக்கு மட்டும் தெரிவதில்லை

2002 ஆகஸ்ட் 15 அன்று மும்பையில் ஒரு வழக்கறிஞரை, ஜாமீனில் வெளிவர முடியாத பிடிவாரண்டின் பேரில் போலீஸார் கைதுசெய்தனர். அந்த வாரண்டை மாஜிஸ்திரேட் முன்பே ரத்துசெய்திருந்தார். அதை வழக்கறிஞர் சொல்லிப் பார்த்தும் பயனில்லை. ரத்து உத்தரவின் நகல் கையில் இல்லை. அன்றோ சுதந்திர தினம், நீதிமன்றத்துக்கு விடுமுறை. சட்டம் படித்தவருக்கே இந்த நிலை.

இந்தக் கைது தொடர்பான வழக்கில் 2011-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் தெளிவான நெறிமுறைகளை வகுத்தது. வாரண்ட் ஒவ்வொன்றையும் நீதிமன்றம் வரிசை எண்ணுடன் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். காவல் நிலையத்திலும் அதேபோன்ற பதிவேடு இருக்க வேண்டும். ரத்தானால் அதைப் பதிவுசெய்து, வாரண்டைத் திரும்பப் பெற வேண்டும். ரத்து உத்தரவின் நகல் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் கிடைக்க வேண்டும். ஆக, பதிவேடுகள் இரண்டு. ஆனால், அவற்றில் யாருடைய பெயர் இருக்கிறதோ, அவர் வீட்டிலிருந்தபடி அவற்றைப் பார்க்க முடியாது. என் கவலையெல்லாம் இதைப் பற்றித்தான்.

பிடிவாரண்ட் என்றதும் தலைமறைவுக் குற்றவாளிதான் நினைவுக்கு வருகிறார். கீழமை நீதிமன்றங்களில் அன்றாடம் நடப்பது வேறு. காசோலை திரும்பிய வழக்கு, ஜீவனாம்ச பாக்கி, பழைய அடிதடி வழக்கு என்று ஏதோ ஒன்று இருக்கும். வீடு மாறியிருப்பார்கள், சம்மன் பழைய முகவரிக்குப் போயிருக்கும். வாய்தா தேதியைத் தவறாகக் குறித்திருப்பார்கள். சாட்சி சொல்ல வராதவருக்கும் வாரண்ட் போகும். முதலில் சம்மன், பிறகு ஜாமீனில் வரக்கூடிய வாரண்ட், அதற்கும் வராவிட்டால்தான் ஜாமீனில் வர முடியாத வாரண்ட் என்ற படிவரிசையை உச்ச நீதிமன்றம் 2007-லேயே வலியுறுத்தியது. ஆனாலும், நிலுவை வழக்குகளின் நெருக்கடியில் மேல்படிக்கு நேராகத் தாவும் பழக்கம் ஓயவில்லை.

இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. பிடிவாரண்ட் தானாகக் காலாவதி ஆவதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 72-ஆவது பிரிவின்படி, பிறப்பித்த நீதிமன்றம் ரத்துசெய்யும்வரை அல்லது கைது நடக்கும்வரை அது உயிரோடு இருக்கும். நாட்டின் எந்த மூலையிலும் அதைச் செயல்படுத்தலாம். பத்து வருடமாக யாரும் தேடி வரவில்லை என்பதால் விஷயம் முடிந்துவிட்டதாக நினைப்பது ஆபத்து.

சரி, தன் பெயரில் வாரண்ட் இருக்கிறதா என்று ஒருவர் எப்படித் தெரிந்துகொள்வது? வாரண்டுகளுக்கென்று பொதுமக்கள் பார்க்கத்தக்க தேசியப் பட்டியல் எதுவும் இந்தியாவில் இல்லை. இருப்பது இ-கோர்ட்ஸ் இணையதளமும் அதன் செல்பேசிச் செயலியும். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண் உண்டு. அது கையில் இருந்தால் வழக்கின் பக்கம் உடனே திறக்கும். இல்லையென்றால், மாவட்டத்தையும் நீதிமன்ற வளாகத்தையும் தேர்ந்தெடுத்து வழக்கு எண், எஃப்.ஐ.ஆர். எண் அல்லது பெயரைக் கொண்டு தேடலாம். பெயர்த் தேடலில்தான் நம் ஊர்ச் சிக்கல் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தவர் எப்படி எழுதினாரோ அப்படித்தான் பதிவு இருக்கும். லட்சுமியை ஒருவர் ‘கே.எஸ்.எச்.’ போட்டு எழுதுவார், இன்னொருவர் ‘எக்ஸ்’ போட்டு எழுதுவார். இனிஷியல் முன்னே இருக்கும், பின்னே இருக்கும், இல்லாமலும் போகும். கிடைக்கவில்லை என்பதற்காக வழக்கே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

வழக்கின் பக்கத்தில் ஒவ்வொரு வாய்தாவும் எதற்காக என்று தனிக் கட்டத்தில் குறிக்கப்பட்டிருக்கும். அங்கே ‘என்.பி.டபிள்யூ.’ என்று இருந்தால், ஜாமீனில் வர முடியாத வாரண்ட் நிலுவையில் இருப்பதாகவே கொள்ள வேண்டும். ஆனால், குறிப்பு சில நேரம் தாமதமாக ஏறும். உறுதிசெய்ய, நீதிமன்றத்தில் வழக்குக் கட்டைப் பார்க்க வேண்டும். வழக்கறிஞர் மூலம் நகல் மனு போட்டு உத்தரவைப் பெறலாம்.

வாரண்ட் இருப்பது உறுதியானால் ஒளிவதால் நிலைமை மோசமாகும். தலைமறைவானவர் என்று அறிவிக்கவும், சொத்தை முடக்கவும் சட்டத்தில் இடமுண்டு. பிறப்பித்த நீதிமன்றத்திலேயே ஆஜராகி, வராததற்கான காரணத்தை ஆவணத்தோடு சொல்லி, வாரண்டை ரத்துசெய்ய மனு கொடுப்பதுதான் முறை. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் 15100 என்ற சட்ட உதவி எண்ணை அழைக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலேயே இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை இருக்கிறது. கைதுசெய்ய வருபவர் வாரண்டின் சாரத்தைச் சொல்ல வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும்.

வாரண்ட் பற்றிய இந்த அறியாமைதான் ‘டிஜிட்டல் கைது’ மோசடிக்காரர்களுக்கு முதலீடு. சி.பி.ஐ. முத்திரையோடு வாட்ஸ்அப்பில் ஒரு வாரண்ட் வருகிறது; ஓய்வூதியச் சேமிப்பை இழக்கிறார் ஒரு முதியவர். வாரண்டைப் பிறப்பிப்பது நீதிமன்றம், சி.பி.ஐ. அல்ல; வீடியோ அழைப்பில் கைது என்று சட்டத்தில் ஒன்றும் கிடையாது. வந்த காகிதம் உண்மையா என்று ஒரு நிமிடத்தில் சரிபார்க்க அரசே ஒரு வழி வைத்திருந்தால், இந்த மிரட்டல் எடுபடாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும்.

அமெரிக்காவின் பல கவுன்டிகளில் ஷெரீஃப் அலுவலகங்கள் வாரண்ட் பட்டியலைப் பெயரோடு இணையத்தில் வெளியிடுகின்றன. அதை இங்கே கொண்டுவரச் சொல்ல மாட்டேன். ஒரே பெயரில் ஒரு தெருவிலேயே நான்கு பேர் இருக்கும் ஊரில், அந்தப் பட்டியல் வேலை கேட்டுப் போகிறவரையும் வீடு வாடகைக்குக் கேட்பவரையும் குற்றமற்றவராக இருந்தும் தண்டித்துவிடும். வேண்டியது இவ்வளவுதான்: சி.என்.ஆர். எண்ணைக் கொடுத்தால் வாரண்ட் பிறப்பிக்கப்பட்ட நாள், வரிசை எண், நிறைவேறியதா, ரத்தானதா என்ற நான்கு விவரமும் தமிழில் தெரிய வேண்டும். ரத்து உத்தரவு ஏறிய அன்றே அது காவல் நிலையத்துக்கும் போக வேண்டும். வழக்கு ஆவணத்தில் செல்பேசி எண் இருந்தால், வாரண்ட் பிறப்பித்த அன்றே குறுஞ்செய்தி அனுப்பலாம். தப்பி ஓட நினைப்பவர் குறுஞ்செய்திக்காகக் காத்திருக்க மாட்டார் என்பதால், பெரும்பாலான வழக்குகளில் இதனால் காவல் துறைக்கு இழப்பில்லை. கொடுங்குற்ற வழக்குகளில் வேண்டாம் என்று நீதிமன்றம் கருதினால், அந்த உத்தரவில் காரணத்தை எழுதிவிட்டு நிறுத்திவைக்கட்டும். 2011-இல் உச்ச நீதிமன்றம் கேட்ட பதிவேட்டைக் கணினிக்குக் கொண்டுவருவதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவைப்படாது. உயர் நீதிமன்றத்தின் ஒரு சுற்றறிக்கை போதும்.